கையில் இரண்டு ராஜா, நடுவில் இரண்டு எட்டு

அன்புள்ள செந்தில்,

நீ புனேவுக்கு ரயிலேறிய பிறகு பஜாரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. தகப்பன் தாம்பூலம் மாற்றி வாக்குக் கொடுத்தார், மகன் அதை உதறிவிட்டு வேலைக்குப் போய்விட்டான் என்று. போன வாரம் நம் கடையிலேயே, மிளகாய் வத்தல் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். "படிக்க வச்சா இப்பிடித்தான் அண்ணாச்சி, மனசத் தேத்திக்கிடுங்க" என்றார். அவன் அப்படிச் செய்யவில்லை என்றேன். மகனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் பரிதாபத்தோடு என்னைப் பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளாது என்று அன்றைக்குத் தெரிந்தது. வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலருக்கு வழக்கமாக நான் கடை விளம்பரம் மட்டும்தான் கொடுப்பேன். இந்த வருஷம் விளம்பரம் வேண்டாம், நாலைந்து பக்கம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். எழுதுவது உனக்குத்தான். ஊரும் கூட உட்கார்ந்து படிக்கட்டும்.

ஊருக்குத் தெரிய வேண்டியது இதுதான். கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்தவன் நான். நீ ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்ன சொல்லை வைத்தே கடை போட்டு, சொன்ன சொல்லை வைத்தே வீடு கட்டிய ஒருவன் எப்படி அதைத் திரும்ப எடுத்தான் என்றால், அதற்குச் சீட்டாட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சங்கத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். பணம் வைத்து நாங்கள் ஆடியதில்லை. தோற்றவர் எல்லோருக்கும் எண்ணெய்ப் பரோட்டா வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். அதற்கே நான் அடைந்த அவமானம் போதும்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் ஓய்ந்து கிடக்கும் நாட்களில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாரணாபுரத்தில் தனுஷ்கோடி அண்ணாச்சியின் கம்பெனி ஆபீஸ் அறையில் ரம்மி ஆடுவோம். அவர் எனக்குக் கல்யாணத்துக்கு முந்திய சிநேகிதம். அந்த அறை வேலை நடக்கும் கொட்டகைகளிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, ஆனாலும் கம்பெனிச் சட்டம் அங்கேயும் உண்டு. தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாம் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அண்ணாச்சியே தன் போனைக் கொடுத்துவிட்டுத்தான் வருவார். நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, லீவுக்கு வந்தவன், எனக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாய். நாங்கள் ஆடுவதை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "இதுல என்னப்பா இருக்கு, நான் ஒரு ஆட்டம் சொல்லித் தாரேன்" என்றாய். ஹாஸ்டலில் கம்ப்யூட்டரில் கற்றுக்கொண்ட ஆட்டம். போக்கர் என்று பேர்.

ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுப்பார்கள். பிறகு நடுவில் முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று என்று ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து விழும். கையிலுள்ளதையும் நடுவிலுள்ளதையும் சேர்த்து யாருக்கு நல்ல ஐந்து அமைகிறதோ அவருக்குக் குவியல். கைச்சீட்டு வந்ததும் ஒரு சுற்றுப் பந்தயம், பிறகு நடுவில் சீட்டு விழும்போதெல்லாம் ஒரு சுற்று. வைக்கலாம், இன்னொருவர் வைத்ததை ஏற்றலாம், அதே அளவு வைத்துக் கூட வரலாம், இல்லை கையைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். பந்தயத்துக்கு முதலில் நீ தீக்குச்சி கேட்டாய். பட்டாசுக் கம்பெனிக்குள் தீக்குச்சியா என்று அண்ணாச்சி உன்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கடைசியில் மருந்து அடைக்காத வெறுங்காகிதக் குழாய்களைக் கூடையோடு கொண்டுவந்து கொட்டினார். சிவப்புக் குழாய்க்கு மதிப்பு ஒன்று, பச்சைக் குழாய்க்கு ஐந்து, வெறும் புஸ்வாணக் கூட்டுக்கு ஐம்பது.

காதர் பாய் அன்றைக்கே சொல்லிவிட்டார். கடலையும் எள்ளும் மொத்த வியாபாரம் செய்கிறவர், நம் கடைக்கு எதிர்க்கடை. "குழாய் வச்சாலும் சரி, கூடு வச்சாலும் சரி, பந்தயம் எனக்கு ஆகாது. நான் சீட்டு போட்டுத் தாரேன். என் பரோட்டாவுக்கு நானே காசு குடுத்துக்கிடுவேன்." அப்படியே இன்றுவரைக்கும். ஆட்டத்தில் இல்லாத ஆள் என்பதால் எங்கள் எல்லோரையும் கேலி செய்ய அவருக்கு உரிமை கிடைத்துவிட்டது.

முதல் ஞாயிறே எனக்குக் கையில் இரண்டு ராஜா வந்தது. இதைவிடப் பெரிய கை, இரண்டு ஆஸ் மட்டும்தான் என்று நீ சொல்லிக் கொடுத்திருந்தாய். குஷியாக வைத்தேன். தனுஷ்கோடி அண்ணாச்சி மட்டும் கூட வந்தார். நடுவில் எட்டு, எட்டு, மூன்று. நான் வைத்தேன், அவர் வந்தார். அடுத்து ஐந்து. நான் வைத்தேன், அவர் ஏற்றினார். நான் கூடப் போனேன். கடைசிச் சீட்டுக்கு அவர் இருந்த குழாயையெல்லாம் தள்ளினார். அதற்கும் போனேன். அவர் ஆஸும் எட்டும் காட்டினார்.

"என்னலே இது, ராஜாவப் போயி எட்டு அடிக்கி" என்று உன்னைக் கேட்டேன்.

"ஒரு எட்டு அடிக்கலப்பா, மூணு எட்டு அடிக்கி. நடுவுல கிடக்கிற ஜோடி ஒங்களுக்கு மட்டுமில்ல, எல்லாத்துக்கும் பொதுவில்லா."

"அண்ணாச்சி, பரோட்டாவுக்கு இப்பவே ஆள் அனுப்பிருவமா, இல்ல இன்னும் கொஞ்சம் தோக்கணுமா?" என்றார் காதர் பாய்.

அந்த ஒரு நாளோடு போயிருந்தால் சீட்டில் இதெல்லாம் சகஜம் என்று விட்டிருக்கலாம். ஆனால் ராஜா, ராணி, ஆஸ் என்று கையில் பெரிய ஜோடி வந்து, நடுவிலும் ஒரு ஜோடி விழுந்தால், நான் தோற்பது வாடிக்கையாகிப் போனது. மற்ற கைகளை நான் நன்றாகவே ஆடினேன். இது ஒன்றில்தான் மொத்தக் கூடையும் போகும். தனுஷ்கோடி அண்ணாச்சி என் முகத்துக்கு நேராகவே, "நடுவுல ஜோடி விழட்டும், இன்னைக்கு ராத்திரி சாப்பாடு நம்ம விருதுநகர் அண்ணாச்சி கணக்கு" என்பார்.

ஏன் இப்படி என்று நீதான் கண்டுபிடித்தாய். டீ குடிக்க வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் நின்று சொன்னாய். "அப்பா, கோவிச்சுக்கிடக் கூடாது. நீங்க மொதச் சுத்துல குழாய் வச்சதுமே அதை வாக்குக் குடுத்த மாதிரி நினைக்கீக. அப்புறம் அவுக என்ன ஏத்துனாலும் கூடப் போயே தீரணும்னு போறீக. கவுத்துட்டா பேச்சு மாறுன மாதிரி ஒங்களுக்கு முகம் சுருங்குது. பந்தயம் வாக்கு இல்லப்பா. அது ஒரு கேள்வி. பதிலு வந்ததும் நாம யோசிச்சுக்கிடலாம்."

கோபம் வந்தது உண்மை. டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனேன். ஆனால் நீ சொன்னது என் உடம்புக்குள் எங்கே போய்த் தைத்தது என்று உனக்குத் தெரியாது. நான் இந்த ஊருக்கு வந்தபோது என்னிடம் முதல் கிடையாது. ஒரு கமிஷன் கடையில் தராசு பிடித்தேன். பிறகு தனியாகத் தொழில் தொடங்கியபோது, என்னிடம் சரக்குக் கொடுத்தவர்கள் என் பேச்சை நம்பிக் கொடுத்தார்கள். காலையில் போனில் ஒரு விலை பேசினால், சாயந்திரம் மார்க்கெட் ஏறிப் போனாலும் பேசின விலைக்கே லோடு போகும். கையெழுத்துக் கிடையாது, முன்பணம் கிடையாது. இந்தப் பஜாரில் பேச்சு மாறினவன் என்று ஒரு தடவை பேர் வாங்கினால் அப்புறம் அவனுக்குக் கடை இருக்கும், சரக்கு வராது. அப்படி வளர்ந்தவனுக்குக் கை கவிழ்ப்பது என்பது சீட்டைக் கீழே வைப்பதாகத் தெரியவில்லை. வேட்டி அவிழ்ந்த மாதிரி இருந்தது. சீட்டு மேஜையில் இந்தத் தப்பைச் செய்ய எங்களைப் போன்றவர்களால்தான் முடியும். வாக்கு சுத்தமாக இல்லாதவன் அந்த இடத்தில் சிரித்துக்கொண்டே கவிழ்த்திருப்பான்.

நீ சொன்னதைக் கேட்டு நான் திருந்தியது ஒரேயடியாக அடுத்த பக்கம் போய் விழுந்தது. நடுவில் எந்த ஜோடி விழுந்தாலும் ராஜாவையும் ராணியையும் கவிழ்க்க ஆரம்பித்தேன். "அண்ணாச்சிக்கு ரெண்டு சீட்டு ஒண்ணாப் பாத்தா பேய் தெரியுது" என்று காதர் பாய் அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார். அப்போதும் நீதான் சீட்டுக் கட்டைக் கையில் எடுத்து எண்ணிக் காட்டினாய். ஒரு கட்டில் எட்டு நாலுதான். இரண்டு நடுவில் கிடக்கிறது. மிச்சம் இரண்டு. அது எதிராளி கையில் இருப்பதைவிட இல்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆக, பெரிய ஜோடி அநேகமாக இன்னும் முன்னாலேதான் நிற்கிறது, பயந்து ஓடக் கூடாது, வைக்க வேண்டும். ஆனால் கொஞ்சமாக வைக்க வேண்டும்.

ஏன் கொஞ்சமாக என்று கேட்டேன். நீ சொன்ன பதிலை நான் வத்தல் கடையில் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். "பெருசா வச்சீகன்னா, ஒங்ககிட்டத் தோக்கப் போறவன் எல்லாம் எந்திரிச்சுப் போயிருவான். ஜெயிக்கப் போறவன் மட்டுந்தான் ஒக்காந்திருப்பான்." இதைவிடச் சுருக்கமாக வியாபாரத்தை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆறு ஜோடி வைத்திருப்பவன், ஆஸ் ஒன்றை வைத்துக்கொண்டு ஆசைப்படுகிறவன், இவர்களெல்லாம் சின்னப் பந்தயத்துக்குத்தான் கூட வருவார்கள். நமக்கு வரவேண்டியதை அவர்களிடம்தான் வாங்க வேண்டும். எட்டு வைத்திருப்பவனுக்கும் நாம் குறைவாகவே கொடுத்திருப்போம்.

அதன்பிறகு நான் கவனித்துக் கற்றது சில உண்டு. நீ கம்ப்யூட்டரில் ஆடினவன், உனக்கு எதிராளிக்கு முகம் கிடையாது. எனக்கு முகம்தான் முதல். ஆபீஸ் சிநேகிதர்களோடு சனிக்கிழமை ஆடுகிறேன் என்று போனில் சொன்னாயே, அதனால் எழுதுகிறேன். போனால் வலிக்காத அளவுக்கு ஆடு. உன் மேலதிகாரியோடு ஆடாதே, ஜெயித்தாலும் தோற்றாலும் நஷ்டம். இனி சீட்டுக்கு வருகிறேன். நடுவில் விழுந்த ஜோடி எது என்று பார். இரண்டு, நாலு என்று சின்ன ஜோடி விழுந்தால் உன் ராஜாவுக்குப் பெரிதாக ஆபத்தில்லை. அந்தச் சீட்டையெல்லாம் ஆள் அநேகமாக முதலிலேயே எறிந்திருப்பான். ராணி ஜோடியோ ஜாக்கி ஜோடியோ விழுந்தால் யோசி. படச்சீட்டு கையில் வந்தால் எந்த ஊர்க்காரனும் அதை எளிதில் விடுவதில்லை. ஜோடி எப்போது விழுந்தது என்றும் பார். முதலில் ஜாக்கி, ஆறு, இரண்டு கிடந்து, நீ வைத்து, ஒருவன் கூட வந்திருக்கிறான். அடுத்து இன்னொரு இரண்டு விழுந்தால் எதுவும் மாறவில்லை, மேற்கொண்டு வை. இன்னொரு ஜாக்கி விழுந்தால், அவன் எதைப் பார்த்துக் கூட வந்தான் என்று ஒரு நிமிஷம் உன்னையே கேட்டுக்கொள்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஆளைப் பார். வத்தல் வாங்க வருகிறவர்களில் சத்தமாக விலை பேசுகிறவன் அநேகமாக வாங்க மாட்டான். நிஜமாக வாங்கப் போகிறவன் ஒரு வத்தலைக் கிள்ளி முகர்ந்து பார்ப்பான், உடைத்து விதையைப் பார்ப்பான், பிறகு பேசாமல் நிற்பான். சீட்டிலும் அதேதான். அலட்டிக்கொண்டு ஏற்றுகிறவனுக்கு நான் கூடப் போவேன். இதுவரை அமைதியாகக் கூட மட்டும் வந்துகொண்டிருந்தவன், நடுவில் ஜோடி கிடக்கும்போது சத்தமில்லாமல் ஏற்றினால், அவன் பொய் சொல்லவில்லை. தனுஷ்கோடி அண்ணாச்சிக்குக் கை நன்றாக இருந்தால் பேச்சு நின்றுவிடும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சீசன் ஆயிற்று. இதை மலரில் எழுதுகிறேன் என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். "எழுதுங்க, இனிமே நான் நல்ல கைக்கும் பேசிக்கிட்டே இருப்பேன்" என்றார்.

நீ கடைசி வருஷம் படிக்கும்போது, போன தீபாவளி முடிந்த பிறகு, எனக்கு இரண்டு ஆஸ் வந்தது. நடுவில் ராணி, ஏழு, நாலு. நான் வைத்தேன், அண்ணாச்சி குற்றாலத்தில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று சொல்லிக்கொண்டே கூட வந்தார். அடுத்த சீட்டு இன்னொரு ராணி. கொஞ்சமாக வைத்தேன். அவர் "ஐந்தருவியில பாத்தீகன்னா" என்று ஆரம்பித்தவர், அதை முடிக்கவில்லை. புஸ்வாணக் கூடு இரண்டை முன்னால் நகர்த்தினார். என் கையில் இருப்பதைவிடப் பெரிய கை யாருக்கும் வர முடியாது, முதல் இரண்டு சீட்டில். இப்போது அப்படி இல்லை. முதல் இரண்டு சீட்டோடு ஆட்டம் முடிந்துவிடவில்லையே. இரண்டு ஆஸையும் திறந்து காட்டிவிட்டுக் கவிழ்க்கிறேன் என்றேன். பயத்தில் இல்லாமல் யோசித்துக் கவிழ்த்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"காட்டுங்களேன் அண்ணாச்சி" என்றேன்.

"கூட வந்து பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் சீட்டைக் கட்டுக்குள் சொருகிவிட்டார். ராணி இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீ என் முதுகில் லேசாகத் தட்டினாய். தகப்பன் முதுகில் மகன் தட்டுகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. யாரும் கவனிக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய், காதர் பாய் பார்த்தார்.

இனி வாக்குக்கு வருகிறேன். தனுஷ்கோடி அண்ணாச்சிக்கு இரண்டு பெண்கள், இருவரையும் கட்டிக் கொடுத்தாயிற்று. கம்பெனிக்கு அடுத்த நிலத்தில் புதிதாக ஒரு யூனிட் போடலாம், இடம் அவருடையது, முதல் என்னுடையது, நிர்வாகம் செந்தில் பார்க்கட்டும் என்று இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கும் ஆசைதான். ஊரான் விளைவித்ததை வாங்கி விற்றே காலம் போயிற்று, நம் பேர் போட்ட டப்பா ஒன்று கடையில் தொங்கட்டும் என்று நினைத்தேன். இந்தப் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு அவர் விருதுநகர் வந்தபோது கோயிலுக்கு வெளியே நின்று பேச்சு முடிந்தது. "செந்தில் வந்துருவான்ல?" என்று கேட்டார். "வந்துருவான், என் வாக்கு" என்றேன். வெற்றிலை பாக்கு பழம் மாற்றிக்கொண்டோம். காதர் பாயும் இன்னும் நாலு வியாபாரிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ "சரிப்பா" என்றாய்.

சரிப்பா என்ற ஒரு சொல். சால்னாவில் உப்புக் கூடவா குறைவா என்பதற்கே என்னோடு கால் மணி நேரம் வாதாடுகிற பையன் நீ. இடம் எங்கே, லைசன்ஸ் எப்போது, பங்கு எவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அப்போது உறைக்கவில்லை, சந்தோஷத்தில் இருந்தேன். அடுத்த ஞாயிறு நாரணாபுரம் போனோம். சீசன் வேலை தொடங்கிவிட்டதால் ஆட்டம் மாதத்துக்கு ஒரு ஞாயிறாகக் குறைந்திருந்தது. அன்று நீ ஆடின விதத்தைப் பார்த்தேன். ஏற்றவில்லை, கவிழ்க்கவும் இல்லை. எல்லாவற்றுக்கும் கூட வந்துகொண்டே இருந்தாய். அண்ணாச்சி புது யூனிட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குழாயை அடுக்கிக்கொண்டிருந்தாய். பேசாமல் கூட வருகிறவன் கையில் ஏதோ இருக்கிறது என்று மேஜையில் உட்கார்ந்து கற்றவன் நான். மகன் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை.

திரும்பி வரும் வழியில் பரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். எண்ணெயில் பரோட்டா பொரியும் சத்தத்துக்கு நடுவே கேட்டேன். "என்னலே வச்சிருக்க கையில?"

நீ புரியாத மாதிரி பார்த்தாய். "ஒண்ணும் இல்லையேப்பா."

"ஏலே, நான் தனுஷ்கோடிகிட்ட எம்புட்டு பரோட்டா தோத்திருக்கேன். சொல்லு."

அப்புறம் சொன்னாய். புனேயில் என்ஜின் வடிவமைக்கிற ஒரு கம்பெனி உன்னைக் கல்லூரியிலேயே தேர்ந்தெடுத்திருக்கிறது. வருகிறேன் என்று சொல்ல அந்த மாதக் கடைசி வரைக்கும்தான் தவணை. பொங்கலுக்கு வந்து எங்களிடம் சொல்லலாம் என்றுதான் ஊருக்கே வந்திருக்கிறாய். நான் தாம்பூலத்தோடு எதிரே வந்துவிட்டேன்.

"ஏன்டா சொல்லல?"

"நீங்க வாக்குக் குடுத்துட்டீகள்ல."

நான் இலையைத் தள்ளி வைத்தேன். நீ தண்ணீரை நகர்த்தி வைத்தாய். நான் அவரிடம் பேசுகிறேன் என்றேன். அப்போது நீ சொன்னதுதான், செந்தில், இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "நீங்க பின்வாங்குனா பஜார்ல ஒங்க பேச்சுக்கு மதிப்புப் போயிரும்பா. நான் மாட்டேன்னு சொன்னதாச் சொல்லிருங்க. பையன் தறுதலைன்னு நாலு நாள் பேசுவாக. நான் இங்கனயா இருக்கப் போறேன்." சொல்லிவிட்டு இன்னொரு பரோட்டா கேட்டாய், நான் உன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக. அதுவும் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் உன் அம்மாவிடம் சொன்னேன். பட்டாசுக் கம்பெனி என்றதிலிருந்து அவள் பேசாமல்தான் இருந்திருக்கிறாள். "நீங்க ரெண்டு பேரும் சீட்டுலயும் பரோட்டாவுலயும் பேசிக்கிடுறத வீட்டுல பேசித் தொலைச்சா என்ன?" என்று கேட்டாள். மறுநாள் காலையில் நாரணாபுரம் போனேன்.

தனுஷ்கோடி அண்ணாச்சி லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், யூனிட்டு வேண்டாம் என்று. அவர் உடனே கேட்டது, "பையன் மாட்டேங்கானா?" என்று.

ஆமாம் என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? நீயே கொடுத்த அனுமதி சட்டைப்பையில் இருந்தது. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் என் பேச்சும் கெடாது, எங்கள் சிநேகிதமும் கெடாது. "இல்ல அண்ணாச்சி. அவன் சரின்னுட்டான். நாந்தான் வேண்டாங்கேன்" என்றேன்.

"அப்ப நீங்க வாக்கு மாறுதீக."

"ஆமா."

"தாம்பூலம் மாத்தி."

"ஆமா அண்ணாச்சி."

அவர் பேச்சு நின்றுவிட்டது. அவருடைய மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் என்பதால் பயந்துபோய் நின்றேன். லாரிக்காரன் இரண்டு தடவை வந்து கையெழுத்துக் கேட்டுவிட்டுப் போனான். அப்புறம், "காப்பி சாப்பிட்டீகளா?" என்றார். சாப்பிடவில்லை என்றேன். கொண்டுவரச் சொன்னார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பஜாரில் ஓடும் பேச்சைத் தொடங்கி வைத்தவரே அவர்தான். கொஞ்ச நாள் கழித்து யாரோ கேட்டிருக்கிறார்கள், யூனிட்டு என்ன ஆச்சு என்று. "பையன் வேற வேலைக்குப் போறானாம், அவன் கேக்கல, அண்ணாச்சி என்ன செய்வாரு" என்று சொல்லியிருக்கிறார். நான் போய்க் கேட்டதற்கு, "ஒங்க பேச்சு கெட்டா நாளைக்கு யாரு ஒங்களுக்குச் சரக்கு தருவா? பையன் அங்கன என்ஜின் செய்யப் போறான், அவனுக்கு இந்தப் பஜாரு பேச்சு என்ன செய்யும்?" என்றார். நீ பரோட்டாக் கடையில் சொன்னதும் அவர் சொன்னதும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. இரண்டு பேரும் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தீர்கள். நான் யாரிடம் வாக்கு மாறினேனோ அந்த மனிதரே என் வாக்கைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார். இப்படி ஒரு சிநேகிதமும் இப்படி ஒரு மகனும் கிடைக்க நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. தராசு பிடித்தவனுக்கு இது அதிகப்படி.

ஆனால் அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "பஜாருல ஒமக்குப் பேரு போகும்" என்றார். கோபம் வந்தால்தான் அவர் ஒமக்கு என்பார். போகட்டும் என்றேன். புது யூனிட்டை அவர் தன் மருமகனோடு சேர்ந்து போடப் போகிறார், நான் போடவிருந்த முதலில் பாதியைக் கடனாகக் கேட்டார், கொடுத்திருக்கிறேன். அது நன்றாக நடந்தால் நீ இருந்திருந்தால் இன்னும் நன்றாக நடந்திருக்குமோ என்று என் மனசு கேட்கத்தான் செய்யும். கவிழ்த்தவனுக்கு எதிராளி சீட்டு தெரியாது. தெரியாமலே தூங்கப் பழகிவிட்டேன், நன்றாகவே தூக்கம் வருகிறது.

உனக்கு அறிவுரை என்று ஒன்றுதான். வாக்குக் கொடு, காப்பாற்று. ஆனால் உன் வாக்கை இன்னொருவன் வாழ்க்கையை வைத்துக் கொடுக்காதே. நான் கோயில் வாசலில் வைத்தது என் கையில் இருந்த சீட்டு இல்லை, அது உன்னுடையது. உன் பிள்ளைகள் விஷயத்தில் இதை நினைவில் வைத்துக்கொள். என்னிடம் சொல்லாமல் சரிப்பா என்று சொன்னதற்கும், கேட்டதும் சொன்னதற்கும், பழியை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கும், அதற்கு முன்னால் வேப்பமரத்தடியில் கோபம் வரும் என்று தெரிந்தும் சொன்னதற்கும் உனக்கு என் நன்றி. தகப்பன் மகனுக்கு நன்றி சொல்வது நம் பக்கத்தில் வழக்கமில்லை. நான் சொல்கிறேன்.

நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று ஸ்டேஷனுக்கு ஆட்டோவைப் பின்தெரு வழியாக விடச் சொன்னாயாம், உன் அம்மா சொன்னாள். பஜாரில் யாரும் பார்த்துக் கேட்டுவிடக் கூடாது என்று. தீபாவளிக்கு வரும்போது பின்தெரு வழியாக வராதே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஜார் நடுவே நடந்து வா. அண்ணாச்சி வாக்கு என்னப்பா ஆச்சு என்று யாராவது நிறுத்திக் கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. எங்கப்பா கடையில இருக்காக, அவுககிட்டக் கேளுங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ. நான் கல்லாவில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா